பசைப் பொட்டுகள்

பிளேடின் நுனியைப் பசைப் பொட்டுக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்பியதும் அது டிக்கென்று தெறித்து காரேஜின் சிமென்ட் தரையில் எங்கோ போய் விழுந்தது. நட்ஸரேனோவுக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனித்தது. எவ்வளவோ நாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த பொட்டு அது. மஞ்சள் பிடித்து, ஓரம் கறுத்து, தையல் மெஷினின் இரும்புப் பலகையில் ஊசிக்கு வலப்பக்கம் ஒரு பரு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளிப் பட்டாணி அளவில் ஒன்று. கைச் சக்கரத்தின் விளிம்பில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தையல் நீளத்தை மாற்றும் நெம்புகோலில் யாரோ நூலைச் சுற்றி மெழுகு தடவியிருந்தார்கள். அது கல்லாக இறுகிக் கிடந்தது. யாரோ என்ன யாரோ, எல்லாம் எர்சிலியாவின் கைங்கரியம்தான். காலமெல்லாம் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவளின் மெஷினா இது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அடுத்த பொட்டுக்குப் போனார்.

எர்சிலியா அவர் மனைவி. அன்கோனாவில் இருக்கும் தங்கை தெல்ஃபீனாவுக்குக் காலில் நரம்பு ஆபரேஷன், கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறியிருந்தாள். வர ஒரு வாரமாகும். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் நட்ஸரேனோ வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலோரம் இருந்த அவளுடைய மெஷினை மேஜையிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் படியிறங்கிக் கொண்டுவந்துவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

இத்தாலியின் தென்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஷூ வேலை நுழையாத வீடு கிடையாது. ஆண்கள் பட்டறையில் அடிப்பாகம் அறைவார்கள். பெண்கள் வீட்டிலிருந்தபடியே மேல்பாகம் தைப்பார்கள். அதற்கு அப்பர் என்று பெயர். வெட்டிய தோலைக் கட்டுக் கட்டாக வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தைத்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே, பட்டறையில் இருக்க வேண்டிய கனத்த மெஷின் மோட்டாரோடு உறுமிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கின. மெஷின் நின்றால் விழித்துக்கொண்டு அழுதன. நட்ஸரேனோ ஸ்கூட்டரில் கருவிப் பையோடு வீடு வீடாகப் போய் அந்த மெஷின்களைப் பழுது பார்த்தவர். அவர் காது பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசித்தம். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மாடியில் ஓடும் மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் எந்தத் திருகை எவ்வளவு முடுக்குவது என்று முடிவு செய்திருப்பார். பெண்கள் இவருக்குக் காப்பியில் மிஸ்த்ரா என்கிற சோம்புச் சாராயம் ஊற்றிக் கொடுத்து, எங்க வீட்டுக்காரருக்கு என்ன கோளாறுன்னும் கேட்டுச் சொல்லேன் என்று கிண்டலடிப்பார்கள்.

பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மெஷின்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. அது அவருக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஒன்றைக் கொண்டுவந்தார். காரேஜில் இடமிருந்தது. பிறகு இன்னும் சில வந்தன, கார் தெருவில் நின்றது. அப்புறம் முன்னறை. சோபா வெளியே போனது, பாடுவா நகரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த பச்சை நிற மெஷின் உள்ளே வந்தது. எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, துரு எடுத்து, புதுப் பெயின்ட் அடித்து, தூரிகையால் தங்கக் கோடு இழுத்து வைத்திருந்தார். மிலானிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்க வந்தவர்கள் காப்பிக்காகச் சமையலறைக்குள் வரும்போதுதான் அவருக்கு முகம் விழுந்துபோகும். வீட்டிலேயே அசிங்கமான மெஷின் அங்கேதான் இருந்தது.

அழுக்கு மட்டும் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். சத்தம் வேறு சரியில்லை. சமையலறைக்கு நேர் கீழே காரேஜ். எர்சிலியா தைப்பதை அவர் மேலே போகாமலே கேட்டுக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் ஒரு அப்பரின் வளைவை ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பாள். கொஞ்ச காலமாக அப்படி இல்லை. ஓடும், நிற்கும். இரண்டு தையல் போடும், நிற்கும். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும், மறுபடி ஓடும். நட்ஸரேனோவுக்குச் சந்தேகமே இல்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. மிதிக்கும்போது பிடிக்காமல் வழுக்குகிறது. போன குளிர்காலத்திலேயே அவளிடம் சொன்னார். அது பாட்டுக்கு ஓடுது, நீ அதைத் தொடாதே என்றாள். எண்ணெய் போட மட்டும் விடுவாள், அதுவும் பக்கத்திலேயே நின்றுகொண்டு. அவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது ஆள் ஊரில் இல்லை. கிளட்சைக் கழற்றிப் பார்த்தபோது தகடு பெரிதாகத் தேய்ந்திருக்கவில்லை. வாங்கி வைத்த புதுத் தகடு இருக்கிறதே என்று மாற்றிவிட்டார். தோலை அழுத்திப் பிடிக்கும் பாதம் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று பூட்டினார். வேலையை ஆரம்பிப்பதற்கு முன், வழக்கப்படி மெஷினைப் போட்டோ எடுத்து, போனில் இருக்கும் சேகரிப்பாளர் குழுவில் போட்டிருந்தார். என் பொண்டாட்டி மெஷின், பன்றித் தொழுவம்கூட இதைவிடச் சுத்தமா இருக்கும் என்று கீழே எழுதியிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். நேப்பிள்ஸ்காரர் ஒருவர், ஒண்ணு மெஷினைச் சுரண்டு, இல்ல அவளை விவாகரத்து பண்ணு என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்து நட்ஸரேனோ காரேஜில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

எர்சிலியா திரும்பி வந்த அன்று மெஷின் ஜன்னலோரம் பழைய இடத்திலேயே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு விரிக்கும் மேஜைவிரிப்பால் மூடியபடி. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முகம் வாடியிருந்தது. பயணக் களைப்பு என்று அவர் நினைத்தார். கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தி, விரிப்பை உருவினார். கன்னங்கரேலென்று, தங்கக் கோட்டோடு மெஷின் நின்றது; ஜன்னல் வெளிச்சம் அதன் முதுகில் வழிந்தது. அவர் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அந்த நிமிஷம் அவருக்குப் பட்டது.

அவள் மெஷினை நேராகப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்திலிருந்த அடுப்பைப் பார்ப்பது போல நின்றாள். அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டிருக்கிறேன், ஏறெடுத்துப் பார்க்க மனசில்லையா? அவள் கையை மட்டும் நீட்டி இரும்புப் பலகையின் மேல் வைத்தாள். விரல்கள் வலப்பக்கம் போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வந்தன. மேஜையில் போட்டுவிட்ட சாவியைத் தேடுவது மாதிரி தேடினாள்.

"என் மெஷின் எங்க?" என்றாள்.

இதுதான் அது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடையாளமே தெரியலையா, ஓட்டிப் பாரு, கிளட்சையும் மாத்திட்டேன், இனிமே வழுக்காது என்று அடுக்கினார். அவள் கோட்டோடு உட்கார்ந்தாள். ஒரேஸ்தேயின் பட்டறையிலிருந்து வந்து தைக்காமல் கிடந்த கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். மெஷின் தேனாக ஓடியது. தையல் ஓரத்தை விட்டு விலகி, தோலின் நடுவே ஆற்றைப் போல வளைந்து போயிற்று. அவள் நிறுத்தினாள். விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் அப்படியே. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, தோலை நகர்த்தும் பல் வரிசை சரியாகத்தானே இருக்கிறது, தோல் ஏன் இழுக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு பாதத்தின் திருகைத் தொட்டார். அவள் அவர் கையை விலக்கினாள்.

"கிளட்ச் நல்லாத்தான் இருந்துது, நேனோ."

பிறகு அவள் சொன்னாள். கண்ணில் நடுவில் இருப்பது தெரியவில்லை, ஓரத்தில் இருப்பதுதான் தெரிகிறது. தெல்ஃபீனாவுக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை. தங்கைதான் இவளை அன்கோனாவில் கண் டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு அலைந்தாள். போனது போனதுதான், இனி திரும்பாது என்று கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் ரொட்டி விலை சொல்வது போலச் சொன்னாள். இப்போது என் முகம் தெரிகிறதா என்று அவர் கேட்டார்.

"உன் மூஞ்சிய பார்த்தா உன் காதுதான் தெரியுது," என்றாள். "நல்ல காதுதான்."

எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"நீ சோபாவைத் தூக்கித் தெருவுல போட்டுட்டு அந்தப் பச்சை மெஷினைக் கொண்டாந்து வெச்சியே, அப்பலேர்ந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையும் காரேஜுக்குத் தூக்கிட்டுப் போயிக் கழட்டியிருப்பே."

இருவரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து கோட்டைக் கழற்றி, ஆணியைக் கையால் துழாவி மாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அப்போது நல்ல பகல்.

நட்ஸரேனோ சமையலறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாதாகோயில் மண்டபத்தில் சீட்டாட வரமாட்டேன் என்று அவள் நின்றுகொண்டது நினைவுக்கு வந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் போகும் பேக்கரிக்காரியைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறாள் என்று ஊரில் பேச்சு வந்தபோது, உனக்கு எதுக்கு இவ்வளவு கர்வம் என்று இவரே அவளைத் திட்டியிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். பொரிப்பதற்கு ஆலிவ் காய்களின் சதையைக் கொட்டையிலிருந்து சுருள் சுருளாக அவள் சீவும்போது, பாருங்க, கையைப் பார்க்காமலே சீவுறா என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்திருக்கிறார். ஒரு திருகில் மயிரிழை பிசிறு இருந்தால் எட்ட இருந்தே கண்டுபிடிப்பவர் அவர். வீட்டுக்குள்ளேயே இருந்தவளைக் கண்டுபிடிக்கவில்லை. மேலேயிருந்து வந்த அந்தச் சத்தம் இப்போதும் காதில் ஓடியது. ஓடும், நிற்கும். அவள் நிறுத்தி, விரலால் பொட்டைத் தேடி, தோலை நகர்த்தி, மறுபடி மிதித்த சத்தம் அது. இரண்டு குளிர்காலம் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை ஒரேஸ்தே வேனோடு வந்தார். அந்தப் பக்கத்தில் இன்னமும் வீட்டுக்குத் தோல் கொடுக்கும் ஒரே பட்டறைக்காரர். எர்சிலியா தைக்காத கட்டை அப்படியே எடுத்து அவரிடம் நீட்டினாள். கை வலி என்றாள். ஒரேஸ்தே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடேயப்பா, கண்காட்சியில வெக்கிற மாதிரி இல்ல இருக்கு என்றார்.

"கண்காட்சிக்குத்தான்," என்றாள் எர்சிலியா.

ஒரேஸ்தே சிரித்தார். நட்ஸரேனோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவள் கையில் கொடுத்தால்தான் வளைவு வளைவாக இருக்கும், இளவட்டங்களுக்கு அது வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஒரு சின்னக் கட்டு மட்டும் கொண்டுவருகிறேன், கை சரியாகிவிட்டால் தை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று ஒரேஸ்தே கிளம்பினார். அவள் தலையாட்டினாள். கண்ணைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னிடம் மட்டுமே அவள் மறைத்தாள் என்று இரண்டு நாளாக மருகிக்கொண்டிருந்த நட்ஸரேனோவுக்கு, ஊருக்கே மறைத்து அவள் கட்டிக்காத்தது என்னவென்று அப்போது புரிந்தது. அந்தக் கட்டு வாராவாரம் வந்து இறங்குவதைத்தான் அவள் கட்டிக்காத்தாள். அதைப் பிளேடால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் அவர்.

காரேஜில் மண்டியிட்டுத் தேடினார். பொட்டுகள் எதுவும் மிஞ்சவில்லை; சோடாச் சேற்றோடு போய்விட்டிருந்தன. ஆனால் இரும்பை அவர் ஒருபோதும் எறிந்ததில்லை. பழைய பாதம் டப்பாவின் அடியில் கிடந்தது. ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்த இடத்தில் தன் சுண்டு விரலை வைத்துப் பார்த்தார். விரல் அதில் வாகாகப் பொருந்தவில்லை. அவள் விரல் அதைவிடச் சின்னது. மேலே கொண்டுபோய்ப் புதுப் பாதத்தைக் கழற்றிவிட்டு அதையே பூட்டினார். பிறகு போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தேடினார். பன்றித் தொழுவம் என்ற தன் எழுத்துக்கும் கீழே வரிசையாகச் சிரித்திருந்தவர்களுக்கும் மேலே, பொட்டுகள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தன. படத்தைப் பெரிதாக்கி, ஸ்கேல் வைத்து, ஊசியிலிருந்து அளந்து, பளபளக்கும் கறுப்புப் பெயின்டின் மேல் பசைக் குழாயை அழுத்தினார்.

காய்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டார். வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் வேலையாகப் பாதத்தைத் தொட்டாள். அதன் மேல் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பலகையைத் தடவினாள்.

"இடம் சரிதான்," என்றாள். "உசரம் இல்ல."

அவருக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். வலப்பக்கத்துப் பொட்டு தோலின் ஓரம் மோதி நிற்க வேண்டியது, அது உயரமாக இருக்கலாம். முன்னால் இருக்கும் சின்னது அப்படி இல்லை. தோல் அதன் மேல் ஏறிப் போக வேண்டும், போகும்போது அடியிலிருந்து அவள் விரலைத் தட்ட வேண்டும்; தட்டின இடத்தில் வளைவு ஆரம்பிக்கிறது. ரொம்ப உயர்ந்தால் தோல் சிக்கும், தாழ்ந்தால் விரலுக்குத் தெரியாது. எத்தனையோ நாள் பசை வைத்து, தேய்த்து, மறுபடி வைத்து, தைத்துத் தைத்தே அது அந்த உயரத்துக்கு வந்தது. போட்டோவில் உயரம் எங்கே இருக்கிறது? அவர் பிளேடை எடுத்தார். பொட்டைச் சீவினார். பெயின்டும் சேர்ந்து உரிந்தது. மறுபடி பசை வைத்தார். அவள் தொட்டுப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள். உப்புத்தாளால் தேய்த்தார். தங்கக் கோட்டில் பாதி போயிற்று. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

இப்படியே சில நாள் போயிற்று. காரேஜுக்கு அவர் போகவில்லை. மிலானிலிருந்து வருவதாக இருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரேஸ்தே சின்னக் கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். அது ஜன்னலோரத்தில் கயிறு பிரிக்காமல் கிடந்தது. அன்று காலை அவர் பொட்டை மறுபடியும் தேய்த்துவிட்டு, இப்ப பாரு என்றார். அவள் உடனே தொடவில்லை.

"நீ பாரு. கண்ண மூடிக்கிட்டுப் பாரு."

அவர் மூடிக்கொண்டார். அவள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு தோல் துண்டின் மேல் வைத்து, துண்டை மெதுவாக முன்னே தள்ளினாள். அவள் கை சூடாக இருந்தது. கடைசியாக அவள் தன் கையை இப்படிப் பிடித்தது எப்போது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"தெரியுதா?"

"தெரியல."

"எனக்குந்தான்," என்றாள்.

தைச்சுத் தைச்சுத்தான் உசரம் வரும் என்று அவள் அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள். கயிறு பிரியும் சத்தம் கேட்டது. புதுத் தோலின் வாசனை வந்தது. நாற்காலி முன்னால் நகர்ந்தது, மோட்டாரின் பொத்தான் அழுந்தியது, மோட்டார் தணிந்த குரலில் முனகத் தொடங்கியது. திறந்துகொள் என்று அவள் சொல்லாததால் அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். அவள் விரல்கள் இரும்பில் ஊர்ந்து வலப்பக்கம் போவது கேட்டது. திரும்பி வருவது கேட்டது. தோல் ஒருமுறை உரசி நின்றது. எந்த மெஷினுக்கு எந்தக் கோளாறு என்று தெருவிலிருந்தே சொன்ன காதைத் தீட்டிக்கொண்டு, ஊசி இறங்கும் முதல் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. மிதியின் மேல் அவள் செருப்பு ஏறி உட்கார்ந்தது, இன்னும் அழுத்தவில்லை.